பச்சைப் பொட்டு

பம்பு கம்பெனியில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் பொட்டுக்காரர்தான். லேத்திலிருந்து இறங்கி வரும் சாமான் ஒவ்வொன்றையும் கையில் எடுப்பார். அளவு பார்ப்பார், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு, குறை இருந்தால் சிவப்பில் ஒரு பொட்டு. பச்சை வைக்க யாராலும் முடியும், சிவப்பு வைக்கத்தான் ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி. மயிரிழை விரிசல் ஒன்று எங்கேயாவது ஒளிந்திருந்தால் போதும், அந்தப் பக்கம் கைக்கு வருவதற்குள் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

இந்த மனிதருக்குத்தான் சொந்தத் தொழில் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. நூற்றுப் பதினெட்டுப் பக்கத்துக்கு நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்த ஆசை. பக்கத்துக்கு ஒரு யோசனை. மேலே தொழிலின் பெயர், நடுவில் அதை நடத்துகிற விதம், அதற்குக் கீழே குறைகள். குறை எழுத இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதியிருப்பார். கடைசியில் சிவப்புப் பேனாவால் ஒரு பொட்டு.

வீட்டுக்கே வந்து சைக்கிள் ரிப்பேர்: மாடியில் வைத்திருக்கிறவர்கள் கீழே இறக்கித் தர மாட்டார்கள். சிவப்பு. குழந்தைத் தொட்டில் வாடகைக்கு: முதல் குழந்தை இறங்குவதற்குள் இரண்டாவது வந்து படுத்துக்கொள்ளும், தொட்டில் திரும்பாது. சிவப்பு. வீடு மாறுகிறவர்களுக்கு அட்டைப்பெட்டி: மாறுகிறவர்கள் மளிகைக்கடையில் சும்மாவே வாங்கிக்கொள்வார்கள். சிவப்பு. எதுவும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. எல்லாம் நியாயமான குறைகள்தான். அவர் ஒரு குறையைச் சொன்னால் அது அங்கே இருக்கும். அந்தத் திறமையை யாரும் மறுத்ததில்லை. என்ன, நூற்றுப் பதினெட்டு யோசனைக்குப் பிறகும் பம்பு கம்பெனிக்குத்தான் டிபன் பாக்ஸோடு போய்க்கொண்டிருந்தார்.

இப்போது சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தங்கையைக் கட்டியவர், இவருக்கு ஒன்பது வயது இளையவர். ஒரு பெயிண்ட் கடையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். குறை என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். ஆறிப்போன டீயைக் கொடுத்தாலும் "அருமை அண்ணி" என்று குடிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் வீட்டுக்கு வந்தபோது, பொழுது போகாமல் அந்த நோட்டைப் புரட்டினார். முப்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றார். ஜன்னலுக்குக் கொசுவலை.

"இதுல என்னண்ணே குறை?"

"ஒரு ஜன்னல் மாதிரி இன்னொரு ஜன்னல் இருக்காது தம்பி. எந்த அளவுல தைச்சு வைப்பீங்க? ஸ்டாக் வைக்கவே முடியாது."

"ஸ்டாக்கே வைக்கலைன்னா? வீட்டுக்குப் போய் அளவெடுத்து, அதுக்கப்புறம் தைச்சா?"

பொட்டுக்காரர் பரிதாபப்பட்டுச் சிரித்தார். இரண்டே மாதத்தில் சகலை கழுத்தில் இஞ்சி டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாக ஜன்னல் அளந்துகொண்டிருந்தார். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது பெயர்ப்பலகை வைத்த கடை, பக்கவாட்டில் எழுத்து எழுதிய வேன், நான்கு வேலையாட்கள்.

திருடிவிட்டான் என்று ஊரைக் கூட்டிக் கத்தலாம் என்றால் அதற்கும் அந்த மனிதர் வழி வைக்கவில்லை. போகிற இடமெல்லாம், நாலு பேர் நடுவில், "எல்லாம் எங்க அண்ணன் நோட்டுலேர்ந்து வந்தது" என்று வாய் நிறையச் சொன்னார். அதுதான் பொட்டுக்காரரின் வயிற்றை எரித்தது. நோட்டு யாருடையது, கடை யாருடையது என்று அவரே தராசில் வைத்து எல்லோருக்கும் காட்டுகிற மாதிரி இருந்தது.

கம்பெனியிலிருந்து திரும்பும்போது அவர் கண் தானாக ஜன்னல்களுக்குப் போகும். பச்சை வலை, சாம்பல் வலை, பச்சை வலை. நேர் வழியில் வலைகள் பெருகிவிட்டதால் சுற்று வழியில் போக ஆரம்பித்தார். ஆறே மாதத்தில் சுற்று வழியிலும் வலை வந்துவிட்டது. தெருவிலேயே வலை போடாத வீடு அவர் வீடு ஒன்றுதான். சகலை மூன்று முறை டேப்போடு வந்தார். "எங்களுக்குக் காத்து வேணும் தம்பி" என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்.

"ஊர்ல விரட்டின கொசு பூரா நம்ம வீட்டுலதான் குடித்தனம் பண்ணுது" என்பாள் மனைவி, கையைச் சொறிந்துகொண்டே.

அவள் ஒரு சீருடை தைக்கும் கம்பெனியில் பதினான்கு வருஷமாக வேலை பார்த்தாள். காலர் பிரிவு. காலையிலிருந்து மாலை வரை காலர், காலர், காலர். கை தைப்பது ஒருவர், பட்டன் வைப்பது ஒருவர். தான் தைத்த காலர் எந்தச் சட்டையில் போய் உட்கார்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. "ஒரு முழு உருப்படியை நானே வெட்டி, நானே தைச்சு, நானே மடிச்சு வைக்கணும்" என்று எப்போதாவது சொல்வாள். தங்கை வந்து கடைப் பேச்சு பேசும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தைப் பொட்டுக்காரர் கவனித்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். சகலையின் வேன் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அவள் ஒரு தடவை தன்னைப் பார்த்து அப்படி மலர வேண்டும்.

கொசுவலைக்குப் பிறகு சகலை எதைத் தொடங்குவதாக இருந்தாலும் முதலில் இவரிடம்தான் வருவார். "அண்ணே, பொட்டு வையுங்க" என்று எதிரில் உட்கார்ந்துவிடுவார். பொட்டுக்காரர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பத்துக் குறை சொல்வார். திட்டம் அதோடு ஒழிந்தது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்வார். சகலை பத்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, "ரொம்ப நன்றிண்ணே" என்று போவார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பத்துக் குறையும் நீங்கிய சரக்கு கடையில் தொங்கும். வாசலுக்கு மடிப்பு வலை அப்படித்தான் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வலையும் அப்படித்தான் வந்தது. சிவப்பு வைக்க வைக்க அந்த ஆள் வளர்ந்துகொண்டே போனார்.

இந்த வருஷம் மழை தொடங்குகிற நேரத்தில், ஒரு ஞாயிறு மதியம், சகலை ஒரு சின்னப் பையோடு வந்தார். கூடவே தங்கையும் வந்தாள். எல்லோரையும் வாசலுக்கு அழைத்தார். பொட்டுக்காரரின் ஸ்கூட்டர் அங்கே நின்றது. ஞாயிற்றுக்கிழமையானால் அந்த வண்டி நகராது. சீட்டுக்குப் பின்னால் பையை மாட்டினார். ஜிப்பைத் திறந்து, உள்ளிருந்த துணியை ஒரே இழுப்பில் முன்சக்கரம் வரை இழுத்தார். நான்கு எண்ணுவதற்குள் வண்டி தரை வரைக்கும் மூடிக்கொண்டது.

"இழு, மூடு, போ! வேலைக்குப் போறவங்க வண்டியை நிறுத்தின உடனே, மழை வர்றதுக்குள்ள, ஒரே இழுப்பு. கடைக்கு முன்னாடி, ஆபீசுக்கு முன்னாடி, எங்க வேணும்னாலும். எப்படிண்ணே?"

பொட்டுக்காரர் குனிந்தார். துணியை விரலில் உருட்டிப் பார்த்தார். உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. வலது பக்கம் துணி தாழ இறங்கி, சைலன்சரின் மேல் படிந்து கிடந்தது. அவருக்கு மூக்கில் வியர்த்தது.

நிறுத்தின உடனே. அதுதான் விஷயம். வீட்டில் ராத்திரிக்கு மூடுகிற கவர் என்றால் அதற்குள் வண்டி ஆறியிருக்கும். ஓடி வந்து நிறுத்தின உடனே மூடினால் சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும். இப்போது வண்டி காலையிலிருந்து நிழலில் நிற்பதால் யாருக்கும் அது தோன்றவில்லை. இவ்வளவையும் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்கூட ஆகவில்லை. சொல்ல வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி தங்கையிடம் சொன்னாள்: "தம்பிக்கு மூளை எப்படியெல்லாம் ஓடுது பாரேன்!"

முகத்தில் அந்த வெளிச்சம். அவருடைய ஸ்கூட்டரின் பக்கத்தில் நின்றுகொண்டு, அடுத்தவன் மூளைக்காக.

பொட்டுக்காரர் திறந்த வாயை மூடினார். நூற்றுப் பதினெட்டுப் பக்கம் எழுதிய மூளையைப் பற்றி இவள் வாய் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? போகட்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த ஆள் கையைச் சுட்டுக்கொள்ளட்டும்.

"அண்ணே, பொட்டு?" என்றார் சகலை, பாக்கெட்டிலிருந்து சீட்டை எடுத்தபடி.

"பச்சை."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சகலையின் கையில் சீட்டு அப்படியே நின்றது.

"ஒண்ணுமே இல்லையாண்ணே? நிஜமாவா?"

"ஒண்ணுமே இல்ல தம்பி. தாராளமா ஆரம்பிங்க" என்றார் வாய் கூசாமல்.

அதற்கடுத்த நாட்கள் அவருக்கு இனிப்பாகக் கழிந்தன. உருகி ஓட்டை விழுந்த கவரைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நாலு பேர் சத்தம் போடுவதை நினைத்துப் பார்ப்பார். சகலை கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை நினைத்துப் பார்ப்பார். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவருக்குத் தானாகச் சிரிப்பு வரும். இடையிடையே உறுத்தியதும் உண்மை. நானா கண்டுபிடித்தேன் இந்தத் தொழிலை, விற்கிறவன்தானே சூடுபண்ணிப் பார்க்க வேண்டும் என்று அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். ஆனால் புதன்கிழமை விரிசல் விட்ட மூடி ஒன்று கைக்கு வந்தபோது, சிவப்பு வைக்க வேண்டிய கை பச்சை டப்பாவுக்குப் போனது. திடுக்கிட்டு இழுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் கை அப்படித் தவறியதில்லை.

வியாழக்கிழமை மாலை அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மனைவி அவருக்கு முன்பே வந்திருந்தாள். அவள் ஏழு மணிக்கு முன்னால் வருகிறவள் இல்லை. கையில் கருநீலத்தில் ஒரு பை.

"என்ன, இன்னிக்கு சீக்கிரமே விட்டுட்டாங்களா?"

"நான்தான் அங்க வேலையை விட்டுட்டேன்" என்றாள். குரலில் துள்ளல் அடங்கவில்லை. "திங்கக்கிழமையே எழுதிக் கொடுத்துட்டு, மூணு நாளா தம்பி கடையிலதான் உக்காந்து தைச்சேன். முதல் உருப்படி முடிஞ்சதும் கையில கொடுத்து சொல்லணும்னு இருந்தேன். கவர் தொழிலை என்னையே நடத்தச் சொல்லிட்டாரு தம்பி. தங்கச்சி துணி வாங்கித் தருவா, வெட்டுறது தைக்கிறது எல்லாம் நான். இதைப் பாருங்க, இது பூரா நான் தைச்சது. காலர் மட்டும் இல்ல, பூரா."

பொட்டுக்காரர் அந்தப் பையையே பார்த்தார். "என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"கேட்டேனே! அன்னிக்கு உங்க வாயாலதானே பச்சைன்னு சொன்னீங்க." அவள் சிரித்தாள். "இந்த வீட்டைப் பார்த்தப்ப சிவப்பு. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப சிவப்பு. நம்ம கல்யாண போட்டோவுக்கே உங்க அப்பா தலை பாதி வெட்டுப்பட்டிருக்குன்னு சிவப்பு வச்சீங்க. பத்தொன்பது வருஷத்துல உங்க வாயிலேர்ந்து முதல் பச்சை. இதை நம்பாம வேற எதைத்தான் நம்பறது?"

சொல்லிக்கொண்டே பையைச் சீட்டுக்குப் பின்னால் மாட்டினாள். ஜிப்பைத் திறந்தாள். முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது. இந்தத் தடவை அது அவரைப் பார்த்துத்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அவருக்கு நொடிப்பொழுது வாய் வரவில்லை. அவள் இழுத்துவிட்டாள்.

"ஏய், கையை எடு!"

சுர்ரென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். அவள் பதறிப்போய்த் துணியைத் தூக்கினாள். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உருகிச் சைலன்சரில் ஒட்டியிருந்தது. துணியில் அதே அகலத்துக்கு ஓட்டை.

இந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பார். அட, இப்படி ஆகிவிட்டதே என்று அவளோடு சேர்ந்து பதறியிருந்தால் போதும். ஆனால் குறை ஒன்று கண்ணெதிரே நிரூபணமாகும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க அவருக்கு வராது. பழக்கதோஷம்.

"பார்த்தியா? நான் அன்னிக்கே பார்த்தேன்!" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

மனைவி நிமிர்ந்தாள்.

"அன்னிக்கேன்னா? என்னிக்கு?"

அவர் குனிந்து வண்டியின் ஸ்டாண்டைச் சரிபார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையா? பார்த்துட்டா பச்சைன்னு சொன்னீங்க?"

பொய் சொல்ல இடமில்லை. சொல்லவும் தெம்பில்லை. "அவன் ஒரு தடவையாவது விழட்டும்னு நெனச்சேன். வயித்தெரிச்சல்தான். வேற என்ன சொல்லச் சொல்ற? அஞ்சு வருஷமா எரியுது எனக்கு. உனக்குத் தெரியாதா? நீ இதுல போய் உக்காருவேன்னு நான் கனவா கண்டேன்?"

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. குந்தி உட்கார்ந்து, சைலன்சரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை ஒரு குச்சியால் சுரண்ட ஆரம்பித்தாள். வெகுநேரம் சுரண்டினாள்.

"காலர் மெஷின்ல செவ்வாக்கிழமையே வேற ஆளை உக்கார வச்சுட்டாங்க" என்றாள் கடைசியில். "தம்பிகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

சனிக்கிழமை போனார். அந்தக் கடைக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. வலைச் சுருள்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். திட்டினால் தேவலை என்றிருந்தது. சகலை கையிலிருந்த வலைச் சுருளைக் கீழே வைத்தார்.

"நீங்க பச்சைன்னு சொன்னதுலேர்ந்தே எனக்கு ஒரு மாதிரியாதான் இருந்துச்சுண்ணே" என்றார் பிறகு. "உங்களுக்கு என் மேல என்னமோ கோவம், அதான் குறைகூட சொல்ல மாட்டேங்கறீங்கன்னு வீட்டுல இவகிட்ட புலம்பிட்டு இருந்தேன். சரி, போனது போகட்டும்." பாக்கெட்டிலிருந்து சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "சைலன்சர் ஒண்ணு. வேற?"

சைலன்சரோடு சேர்த்துப் பொட்டுக்காரர் ஏழு குறை சொன்னார். ஏழையும் சகலை எழுதிக்கொண்டு நன்றி சொன்னார். இந்த மனிதரை மனதாரத் திட்டக்கூட முடியவில்லையே என்று வழியெல்லாம் புழுங்கிக்கொண்டு வீடு வந்தார்.

சைலன்சருக்கு வழி கண்டுபிடித்தவள் மனைவிதான். அவளுடைய பழைய கம்பெனியில் இஸ்திரி மேஜை மேல் தடித்த துணி ஒன்று விரித்திருப்பார்கள். எவ்வளவு சூட்டுக்கும் கருகாது. அதை விற்கிற கடையைத் தேடிப் பிடித்து, வலது பக்கம் மட்டும் உள்ளே இரட்டையாக வைத்துத் தைத்தாள். ஜிப்பை மாற்றினாள். காற்றில் தூக்காமல் இருக்க அடியில் எலாஸ்டிக் கோர்த்தாள். பத்து நாளில் ஏழு குறையும் தீர்ந்த ஒரு கவரைக் கொண்டுவந்து, அவர் எதிரில் வைத்தாள்.

அவர் அன்றைக்குப் பார்த்த மாதிரி எந்தச் சாமானையும் பார்த்ததில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, சைலன்சர் தொட முடியாமல் கொதிக்கும் வரை அரை மணி நேரம் ஊரைச் சுற்றினார். வந்து நிறுத்திய கையோடு இழுத்து மூடினார். பதினைந்து நிமிஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். துணியை விலக்கி மூக்கை வைத்து மோந்தார். இரண்டு வாளித் தண்ணீரை மேலே கொட்டி, சீட்டைத் தடவிப் பார்த்தார். தையலை ஒவ்வொரு அங்குலமாக நகத்தால் நெருடினார். ஒரு நூல் பிசகவில்லை. எங்கேயும் மூக்கில் வியர்க்கவில்லை.

அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இது சகலையின் யோசனை என்பதுகூட அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. இவள் வெட்டியது, இவள் தைத்தது. தன் நோட்டில் நூற்றுப் பதினெட்டுப் பக்கத்திலும் இல்லாத பொட்டு இது.

"பச்சை" என்றார். "சத்தியமா சொல்றேன். ஒரு குறை இல்ல."

மனைவி கவரைக் கழற்றி, ஈரத்தை உதறி, மடித்துப் பைக்குள் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"சரிங்க. எதுக்கும் தம்பிகிட்ட ஒரு தடவை காட்டிக் கேட்டுட்டு வந்துடறேன்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.